கேட்காமலே எழுதப்படும் பாலினம்

2019 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. காணாமல்போன பிள்ளைகளைத் தேடுவதற்குத் தில்லி காவல்துறை வைத்திருந்த முக அடையாள மென்பொருளுக்கு, சிறுவன் யார், சிறுமி யார் என்றுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சரியாகப் பொருந்திய முகங்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2018 ஏப்ரலில் நடந்த சோதனையில் இதே மென்பொருள் நான்கைந்து நாளில் ஏறக்குறைய 3,000 பிள்ளைகளை அடையாளம் காட்டிவிட்டதாகச் செய்திகள் வந்திருந்தன. கொண்டாட்டம் முதல் பக்கத்தில் இடம்பெறும். ஒப்புதல் வழக்குக் கட்டுக்குள் போய்விடும். இந்த நாட்டில் அது புதிதல்ல.

சிரித்துவிட்டுக் கடந்திருக்கலாம். ஆனால் காவல்துறை அந்தத் தொழில்நுட்பத்தைக் கைவிடவில்லை. 2020 பிப்ரவரியில் வடகிழக்குத் தில்லியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 1,100க்கும் மேற்பட்டோரை முக அடையாளத்தின் மூலம் கண்டறிந்ததாக உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் சொன்னார். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் படங்கள் அதற்குப் பயன்பட்டன. 80 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் அதைப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக 2022இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் காவல்துறை பதில் தந்தது. ஏன் 80, ஏன் 95 இல்லை என்பது யாரோ ஒருவர் மேசையில் எடுத்த முடிவு. 2021இல் வந்த ஒரு சர்வதேசக் கணக்கில், ஒரு சதுர மைலுக்கு 1,826 கேமராக்களோடு தில்லி உலக நகரங்களில் முதலிடம் பெற்றது. லண்டன் இரண்டாமிடம், சென்னை மூன்றாமிடம். தில்லியின் அன்றைய முதல்வர் அதைப் பெருமையாகவே பகிர்ந்துகொண்டார்.

இத்தனை கேமராக்களும் பார்ப்பவர்களில் திருநங்கையர், திருநம்பியர், இடைப்பாலினர், தன்பாலீர்ப்பாளர், ஆண்-பெண் இரண்டிலும் அடங்காதவர் எல்லோரும் உண்டு. அவர்களை இயந்திரம் யாரென்று எழுதிக்கொள்கிறது, எந்த உரிமையில் எழுதிக்கொள்கிறது என்பதே இந்த உரையின் பொருள்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்புவது வழக்கமாகிவிட்டது. ஒன்று பொருத்திப் பார்ப்பது. தில்லி விமான நிலையத்தில் 2022 டிசம்பர் 1 முதல் இயங்கும் டிஜி யாத்ரா இந்த வகை. பயணி பதிந்து வைத்த படமும் வாசலில் நிற்கும் முகமும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். அதற்குப் பாலினம் தெரிந்தாக வேண்டிய தேவையில்லை. இன்னொன்று ஊகிப்பது. முகத்தைப் பார்த்து "ஆண்", "பெண்", "வயது 30க்குள்", "கோபமாக இருக்கிறார்" என்றெல்லாம் பட்டியலிடுவது. கடையில் யார் வருகிறார்கள் என்று எண்ணும் கேமராவும் விளம்பரப் பலகையும் இதைத்தான் செய்கின்றன. முதல் வகை தவறினால் கதவு திறக்காது. இரண்டாம் வகை தவறுவதே பலருக்குத் தெரியாது. எங்கோ ஒரு வரியில் தவறான சொல் பதிவாகிக் கிடக்கும்.

பொருத்திப் பார்ப்பதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. திருப்பதிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு திரும்பிய ஹைதராபாத் ஊபர் ஓட்டுநர் ஒருவரை, செயலி அடையாளம் தெரியாமல் வெளியே நிறுத்திய கதை 2022 இறுதியில் வெளிவந்தது. முடி போனதற்கே இந்தப் பாடு. ஹார்மோன் சிகிச்சையில் கன்னமும் தாடையும் தோலும் மாறுகிறவர்களின் நிலையை இங்கே இருப்போர் ஊகித்துக்கொள்ளலாம். ஊகிக்கவே வேண்டாம்: 2018இல் அமெரிக்காவில் பாலின மாற்றச் சிகிச்சையில் இருந்த ஊபர் ஓட்டுநர்கள் பலரின் கணக்குகள் இப்படித்தான் முடக்கப்பட்டன. இந்தச் சிக்கலைத் தீர்க்கிறோம் என்று வட கரோலினாவில் ஓர் ஆய்வுக் குழு 2013 வாக்கில் செய்த வேலை இன்னும் மோசம். திருநர் சிலர் தங்கள் மாற்றத்தை மாதாமாதம் பதிவுசெய்து, தங்களைப் போன்றவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று யூடியூபில் போட்டிருந்த காணொளிகளைச் சொல்லாமல் எடுத்து, இயந்திரத்துக்குப் பயிற்சிப் படங்களாக்கினார்கள். தன் கதையைத் தன் மக்களுக்குச் சொன்னவரின் முகம் ஒரு தரவுத்தொகுப்பானது.

ஊகிக்கும் இயந்திரத்துக்கு ஆணென்றும் பெண்ணென்றும் கற்றுக்கொடுப்பது யார்? சம்பளத்துக்கு உட்கார்ந்து படங்களைப் பார்த்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டில் ஒன்றைத் தட்டுகிறவர்கள். அவர்களுக்குப் படத்தில் உள்ளவரைத் தெரியாது, கேட்கவும் முடியாது. முடி நீளம், மீசை, பொட்டு, உதட்டுச்சாயம், தோள் அகலம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் தட்டுவார்கள். இயந்திரம் கற்றுக்கொள்வது பாலினத்தையல்ல. பார்வையாளர்களின் பழக்கத்தையே அது கற்கிறது. பிறகு அதே பழக்கத்தைத் தசம புள்ளியோடு திருப்பிச் சொல்கிறது: "பெண், 97.3 விழுக்காடு." தசம புள்ளி வந்துவிட்டால் மறுத்துப் பேச ஆளிருப்பதில்லை.

2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இருவரும் பெரிய நிறுவனங்களின் மூன்று மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களைப் பொறுத்தவரை பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு, கருநிறப் பெண்களைப் பொறுத்தவரை 34.7 வரை. சோதனைக்கு எடுத்தவை ஆப்பிரிக்க, ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் நாடாளுமன்ற உறுப்பினர்களின் படங்கள். அவற்றில் தமிழ் முகம் இல்லை, ஹரியாணா முகமும் இல்லை. மறு ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் மார்கன் ஷொயர்மனும் உடன் ஆய்வாளர்களும் வேறு கோணத்தில் கேட்டார்கள். தம் பாலினத்தைத் தாமே குறிப்பிட்டு இன்ஸ்டாகிராமில் படம் போட்டிருந்தவர்களின் 2,450 முகங்களை எடுத்து நான்கு சேவைகளிடம் காட்டினார்கள். திருநர் அல்லாத பெண்களை 98.3 விழுக்காடு சரியாகச் சொன்ன இயந்திரங்கள், திருநம்பியரில் 38 விழுக்காடு வரை பெண் என்றன. ஆண்-பெண் இரண்டிலும் அடங்காதவர்கள் விஷயத்தில் பிழை நூற்றுக்கு நூறு. வேறெப்படி இருக்கும்? விடைத்தாளில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ஷொயர்மனுக்கே நீண்ட முடி. அவர் தன் படத்தைக் கொடுத்தபோது பாதிச் சேவைகள் அவரைப் பெண் என்றன.

இந்த எண்களைக் காட்டியதும் பொறியாளர்கள் உடனே சொல்லும் பதில், "இன்னும் நிறையப் படங்கள் கொடுத்தால் சரியாகிவிடும்" என்பது. பாலினம் முகத்தில் எழுதியிருந்தால் சரியாகும். பாலீர்ப்பு விஷயத்திலோ சரியாவதுதான் பெரிய ஆபத்து.

2017இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மிஹால் கோசின்ஸ்கி, யிலுன் வாங் இருவரும் ஒரு காதல் தேடல் தளத்தின் படங்களைக் கொண்டு, ஒருவர் தன்பாலீர்ப்பாளரா என்பதை முகத்தை வைத்தே கணிக்கலாம் என்று அறிவித்தார்கள். தலைப்புச் செய்தியானது 91 விழுக்காடு என்ற எண். அது எதன் 91 என்று பார்த்தவர்கள் குறைவு. ஒரு தன்பாலீர்ப்பாளர், ஒரு எதிர்பாலீர்ப்பாளர் என இரண்டு ஆண்களைச் சேர்த்து நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஐந்து படங்கள் கொடுத்து, இருவரில் யார் என்று கேட்டால் 91. தெருவில் யாரும் அப்படி இருவர் இருவராக நடப்பதில்லை. ஆயிரம் ஆண்களில் 70 பேர் தன்பாலீர்ப்பாளர் என்று வைத்துக்கொண்டு, மிகச் சாத்தியமான நூறு பேரைப் பொறுக்கச் சொன்னபோது, சரியாக இருந்தது 47. மீதி 53 பேர் வேறு யாரோ. தொகுப்பில் வெள்ளையர் மட்டுமே இருந்தார்கள் என்பது தனிக்கதை. பிளேஸ் அகுவேரா இ ஆர்காஸ், மார்கரெட் மிட்செல், அலெக்சாண்டர் டொடொரோவ் மூவரும் அதே கேள்வியைத் தோண்டிப் பார்த்து, இயந்திரம் பிடித்தது கண்ணாடி, ஒப்பனை, தாடி, படம் எடுத்த கோணம் போன்றவற்றையே என்று காட்டினார்கள். அந்தக் கருவி உண்மையா என்பதைவிட, உண்மை என்று நம்புகிற ஒரு காவல் நிலையமோ கல்லூரி விடுதியோ போதும், கேடு நடந்துவிடும். 53 பேருக்கும் கேடு, 47 பேருக்கும் கேடு.

ஒருவரை வெளியிலிருந்து பார்த்து வகைப்படுத்தி ஏட்டில் எழுதும் ஆசை கணினியோடு பிறந்ததல்ல. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பலர் அறிவார்கள். தமிழ்நாட்டில் கள்ளர், மறவர் சமூகங்கள் அதன் பிற்காலத் திருத்தங்களால் பட்ட துயரம் ஊரறிந்தது. அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கையருக்கென்றே வட இந்தியாவில் எழுதப்பட்டது. ஆண்மையற்றவர் என்று தாமே ஒப்புக்கொள்பவரும் மருத்துவச் சோதனையில் அப்படித் தெரிபவரும் அந்த வகையில் சேர்வார்கள் என்று சட்டம் வரையறுத்தது. அவர்களில் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்றோ தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு சொல்லும் 'இயற்கைக்கு மாறான' புணர்ச்சிக் குற்றம் செய்கிறார்கள் என்றோ காவலர் சந்தேகித்தவர்களின் பெயரும் வீடும் பதிவேட்டில் ஏறின. பதிவானவர் பெண்ணுடையிலோ நகையிலோ பொதுத்தெருவில் காணப்பட்டால் பிடியாணை இல்லாமல் கைது, இரண்டாண்டு வரை சிறை. உடையைப் பார்த்துப் பாலினம் கணிக்கும் வேலையைக் காவலரின் கண் அப்போதே செய்தது.

கண்ணை நம்பாமல் ரத்தத்தை நம்பிய காலமும் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்திரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தோற்றதாகச் சொல்லி அதைப் பறித்தார்கள். அவரிடம் விளக்கிச் சொல்லும் முன்பே நாடே பேசியது. 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்துக்கு அதே கதி. அவர் சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் 2015இல் விதியை நிறுத்திவைக்கச் செய்தார். அதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். அப்போது டெஸ்டோஸ்டிரோன் எல்லை லிட்டருக்கு 10 நானோமோல். 2018இல் 5 ஆனது. 2023இல் 2.5. 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனை. உடல் அதேதான், கோடு மட்டும் நகர்ந்துகொண்டே போனது. தில்லி காவல்துறையின் 80 விழுக்காட்டைப் போலவே இதுவும் யாரோ கிழித்த கோடு.

இந்தப் பின்னணியில்தான் 2014 ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் எடை புரியும். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் ஏ.கே.சிக்ரியும், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உரியது, அறுவை சிகிச்சை செய்துகொண்டால்தான் ஏற்போம் என்று சொல்லக்கூடாது என்றார்கள். பார்க்காதே, கேள் என்பதே அதன் சாரம். 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்து மாவட்ட ஆட்சியரின் சான்றிதழை இடையில் வைத்தது. 2020 நவம்பர் 25இல் அதற்கான தேசிய இணைய வாயில் திறந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண் என்றோ பெண் என்றோ மாற்ற வேண்டுமானால் மருத்துவமனைச் சான்றும் அந்தச் சட்டம் கேட்டது. கேள் என்று நீதிமன்றம் சொன்ன இடத்தில் நிர்வாகம் மறுபடி பார்க்க ஆரம்பித்தது.

தில்லிப் பேருந்தில் இது தினமும் நடந்தது. 2019 அக்டோபர் 29இல் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. நடத்துநர் இளஞ்சிவப்புச் சீட்டு கொடுத்தார். யாருக்குக் கொடுப்பது என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. திருநங்கைகளுக்கும் இலவசம் என்று தில்லி அரசு அறிவிக்க 2024 பிப்ரவரி ஆனது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் பெண்களுக்குத் தொடங்கிய இலவசப் பயணம் அடுத்த மாதமே திருநங்கைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2008இலேயே நல வாரியம் அமைத்த மாநிலத்துக்கு அந்தப் பழக்கம் இருந்தது. தில்லியில் 2025இல் 'சஹேலி' அட்டை அறிவிக்கப்பட்டபோது பெண்களோடு திருநரும் சேர்க்கப்பட்டார்கள். நடத்துநரின் பார்வையிலிருந்து தப்பிக்க அட்டை உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் அட்டை ஆதாரைப் பார்க்கும். ஆதாரில் இன்னும் பழைய பெயரும் பழைய பாலினமும் இருப்பவருக்கு? நடத்துநரிடமாவது நின்று வாதாடலாம்.

மனிதர் தேவலையா, இயந்திரம் தேவலையா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலிய வழக்கொன்று நல்ல பதில். பெண்களுக்கு மட்டுமான 'கிகிள்' என்ற செயலி, தற்படத்தைப் பார்த்துப் பெண்ணா என்று முடிவுசெய்யும் மென்பொருளை வாசலில் வைத்திருந்தது. ராக்ஸான் டிக்கிள் என்ற திருநங்கையை இயந்திரம் உள்ளே விட்டது. பிறகு படத்தைப் பார்த்த மனிதர் வெளியேற்றினார். அது பாகுபாடு என்று 2024 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயந்திரம் ஏற்றுக்கொண்டதில் மகிழ்ந்த திருநங்கையர் எத்தனையோ பேர் உண்டு. முகம் மாற்றும் செயலிகளில் முதன்முதலாகத் தன்னைத் தானாகப் பார்த்ததாகச் சொல்பவர்களும் உண்டு. அந்த மகிழ்ச்சியை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. அந்தச் செயலியை அவர்களே திறந்தார்கள், அவர்களே மூடினார்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

முகம் வேண்டாம், பேச்சே போதும் என்கிற கணிப்புகளும் வந்துவிட்டன. இணையத்தில் நச்சுப் பேச்சைக் கண்டுபிடிக்கக் கூகுளின் துணை நிறுவனம் உருவாக்கிய 'பெர்ஸ்பெக்டிவ்' கருவியைப் பிரேசிலின் இன்டர்நெட்லேப் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வெள்ளை இனவெறியர் சிலரின் பதிவுகளைவிட, டிராக் கலைஞர்கள் தங்களுக்குள் செல்லமாகத் திட்டிக்கொள்ளும் பதிவுகள் அதிக நச்சாகத் தெரிந்தன. ஹிஜ்ரா வீடுகளில் குருவும் சேலாவும் (சீடரும்) பேசிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பே வராது; அங்கே வசவு உறவின் ஒரு வடிவம். அப்படிப் பேசும் கணக்கை இயந்திரம் முடக்கும். கண்ணியமான மொழியில் வெறுப்பைக் கக்குபவர் தப்பிப்பார். மொழி மாதிரிகளும் இதே ஊட்டத்தில் வளர்ந்தவைதான்: 2024 மார்ச்சில் யுனெஸ்கோ வெளியிட்ட ஆய்வில், தன்பாலீர்ப்பாளர் பற்றிய வாக்கியத்தை முடிக்கச் சொன்னபோது லாமா 2 எழுதியவற்றில் 70 விழுக்காடு எதிர்மறையானவை.

நிறுவனங்களில் சில பின்வாங்கின. கூகுள் 2020இல் தன் படச்சேவையிலிருந்து ஆண், பெண் என்ற குறிகளை எடுத்துவிட்டு 'நபர்' என்று மட்டும் வைத்தது. மைக்ரோசாஃப்ட் 2022இல் பாலினம், வயது, உணர்ச்சி மூன்றையும் ஊகிக்கும் வசதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. உலகம் இடிந்துவிடவில்லை. யாருக்கும் அந்தக் குறி இல்லாமல் வேலை ஓடாமல் போகவில்லை என்பதே, அது தேவையில்லாமல் இத்தனை நாள் இருந்தது என்பதற்குச் சான்று. அமேசானின் கருவி ஆண், பெண் என்று இன்றும் சொல்கிறது. அதை வைத்து ஒருவரின் பாலின அடையாளத்தை முடிவுசெய்யாதீர்கள் என்று கையேட்டில் எழுதிவைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், உடற்கூறுத் தரவைக் கொண்டு ஒருவரின் பாலீர்ப்பை ஊகிப்பதை 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்கிறது. பாலினத்தை ஊகிப்பது அந்தத் தடைப்பட்டியலில் இல்லை.

இங்கே நிலைமை விசித்திரம். 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, பாலீர்ப்பு அந்தரங்கத்தின் உயிர்ப்பகுதி என்பதும் அதில் சொல்லப்பட்டது. அந்த வரிகளின் மேல்தான் 2018 செப்டம்பர் 6இல் 377ஆம் பிரிவின் முதுகெலும்பு முறிந்தது. நாடாளுமன்றத்தில் 2019இல் வைக்கப்பட்ட தனிநபர் தரவு மசோதா, பாலீர்ப்பு, திருநர் நிலை, இடைப்பாலின நிலை, சாதி, உடற்கூறுத் தரவு ஆகியவற்றைத் தனிக்கவனம் தேவைப்படும் தரவுகள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு பட்டியலே இல்லை. ஒருவரின் காலணி அளவும் அவர் திருநங்கை என்பதும் அந்தச் சட்டத்துக்கு ஒரே தட்டில்தான். சமத்துவத்தை இந்த இடத்தில் காட்டியிருக்க வேண்டாம்.

கணக்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணிக்கை இல்லாமல் நல வாரியமும் வராது, ஓய்வூதியமும் வராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முறையாக ஆண், பெண் தவிர மூன்றாவது கட்டம் ஒன்று வைத்து 4,87,803 பேரை எண்ணியது. தில்லியில் 4,213, தமிழ்நாட்டில் 22,364. களத்தில் வேலை செய்கிற எவரும் அந்த எண்ணை நம்புவதில்லை. கணக்கெடுப்பாளர் கேட்பது பெரும்பாலும் குடும்பத் தலைவரிடம். வீட்டை விட்டுத் துரத்திய பிள்ளையை அவர் எண்ணவே மாட்டார். வீட்டில் இருக்கும் பிள்ளையைத் தான் நினைக்கும் பாலினத்தில் எண்ணுவார். ஒரு மென்பொருள் சரியாகப் பார்க்கிறதா என்று சோதிக்க வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்தான் நாட்டிடம் இருக்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு, முதன்முறையாகக் கைப்பேசிச் செயலியில் நடக்கப்போகிறது. குடும்பங்கள் தாமே விவரம் பதியவும் வழி உண்டு. வீட்டுக்கு ஒரு பதிவு, அதைத் தட்டுபவர் ஒருவர். பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் தன் பாலினக் கட்டத்தைத் தானே, தனியாக, நிரப்ப வழிசெய்யும்படி கணக்கெடுப்பு ஆணையரிடம் கேட்க இப்போது யாரும் மனுப் போடலாம். அதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை, கூடுதலாக ஒரு திரை போதும்.